கிணற்றுக்குள் குருத்தோலை

எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். நாளுக்கு இரண்டு வேளை, இடுப்பில் காலிக் குடத்தோடு, அடுத்தவள் மனசு வைக்கும்வரை வெயிலில் நின்று பார்த்தால் அவர்களுக்கும் வரும்.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் கிராமம். ஊர்த் தெரு ஒன்று, எங்கள் தெரு ஒன்று, நடுவில் ஒரு வாய்க்கால். எங்கள் தெருவில் பத்தொன்பது வீடு. எல்லோரும் வேதக்காரர்கள். சின்னதாக ஒரு மாதா கோயில் உண்டு. கிணறு கிடையாது. கிணறு ஊர்த் தெருவில் இருந்தது. அதன் மேடையில் நாங்கள் ஏறக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. கீழே நிற்க வேண்டும். யாராவது தண்ணீர் எடுக்க வந்து, அவர்கள் குடம் நிரம்பி, பிறகு மனசு வந்தால் எங்கள் குடத்தில் ஊற்றுவார்கள். இதெல்லாம் கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. ஆனால் சட்டம் வந்து இறைத்து ஊற்றவில்லை.

மழை நாளில் கவலை இல்லை. ஏரி இருக்கிறது. மாசி பிறந்து ஏரி வற்றியதும் எங்கள் பிழைப்பு அந்தக் கிணற்றடிதான். எனக்கு அதிகம் ஊற்றியவள் ஊர்த் தெருவில் கோடி வீட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாளி என் குடத்தில் பட்டுவிடக் கூடாதென்று எட்டத்திலிருந்து, உயரத்திலிருந்து ஊற்றுவாள். "கொடத்த நல்லா தூக்கிப் புடிமே" என்பாள். பாதி குடத்தில் விழும், பாதி மண்ணில் விழும். மண்ணில் விழுந்த அந்தப் பாதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். எனக்கு முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம். பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். கோடி வீட்டுக்காரி மேடையில் நின்று யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். நான் கீழே நிற்கிறேன். பால் கட்டி, ரவிக்கை நனைகிறது. வீட்டில் பிள்ளை கத்திக்கொண்டிருக்கும் என்று தெரிகிறது. அவள் பேச்சு முடிகிற பாடாக இல்லை. காலிக் குடத்தோடு திரும்பி வந்து, அதைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அந்த நசுங்கல் கடைசிவரை போகவில்லை.

என் வீட்டுக்காரர் பல்லாவரம் பக்கம் கல்லுடைக்கப் போகிறவர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். அவரிடம் சொன்னேன்.

"இனிமே அந்தக் கெணத்தாண்ட கால் வைக்க மாட்டேன். நம்ம நெலத்துல ஒண்ணு வெட்டுய்யா."

"பாறை வந்துட்டா?"

"பாறை ஒடைக்கறதுதானே உன் வேல?"

அவர் சிரித்தார். தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள், என் அம்மா வீட்டில் எனக்குக் கொடுத்த அரைக் காணியில் கடப்பாறை விழுந்தது. அவரும் அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் வெட்டினார்கள். தெருப் பெண்கள் நாங்கள் கூடை இழுத்தோம். செம்மண் வந்தது, சரளை வந்தது, மஞ்சள் களி வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. அதுவரை தண்ணீருக்கு மூன்று மைல் நடந்து வேறொரு ஏரிப் பள்ளத்தில் ஊற்று தோண்டி எடுத்து வந்தேன். சொன்ன சொல்லை விடக் கூடாதல்லவா.

மூன்று ஆள் ஆழம் போனபோது வெள்ளையாக ஒன்று தட்டுப்பட்டது. கல்லும் இல்லை, களிமண்ணும் இல்லை. கடப்பாறையால் நெம்பினால் பழைய புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து என் சின்னக் கொழுந்தனார் அலறினார்.

"சேசுவே! அண்ணி, இங்க வந்து பாருங்க! குருத்தோல!"

கூடையில் அந்த ஏட்டை மேலே அனுப்பினார்கள். வெயிலில் வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இலைகள். யாரோ மை தொட்டு அழுத்திவிட்டு எடுத்தது போலக் கல்லுக்குள் பதிந்து கிடந்தது. அடுத்த ஏட்டில் இரண்டு. அதற்கடுத்ததில் நாலைந்து, ஒன்றன்மேல் ஒன்று. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஓலை பிடித்துப் பவனி போகும் குருத்தோலை ஞாயிற்றுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான் நடந்தது. எங்கள் உபதேசியார் ஓடி வந்தார். மாதா கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். முழங்கால் போட்டார். "கர்த்தர் எருசலேமுக்குள்ள போனப்போ புடிச்ச ஓலைம்மா இது. நம்ம தெருவுக்கு வந்து காட்சி குடுத்துக்கீறாரு" என்று அழுதார். மறுநாள் கிணற்றைச் சுற்றி மெழுகுவர்த்தி. மூன்றாம் நாள் படப்பை, மணிமங்கலம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஊர்த் தெருவும் வந்தது. வாய்க்கால் தாண்டி எங்கள் பக்கம் காலே வைக்காதவர்கள். அவர்களுக்கு அது குருத்தோலை இல்லை, கருடனுடைய இறகு. பெருமாளைச் சுமந்துகொண்டு போகும்போது கருடன் உதிர்த்ததாம். கோடி வீட்டுக்காரி கற்பூரத் தட்டோடு வந்து என் நிலத்தில் நின்றாள். ஒரு பக்கம் ஜெபமாலை, ஒரு பக்கம் கோவிந்தா. சண்டை ஒன்றும் இல்லை. ஒரே கல்லைப் பார்த்து ஆளுக்கொன்று கும்பிட்டார்கள்.

கிணறு நின்றுபோனது. உபதேசியார் முடிவாகச் சொல்லிவிட்டார். "இதுக்கு மேல ஒரு கடப்பாறை படக் கூடாது. படி கட்டி, மாதா சொரூபம் வெச்சி, குகையாட்டம் உள்ளயே ஒரு கெபி கட்டிடலாம்." தெருவே தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் கடப்பாறையைக் கழுவி மூலையில் சாத்திவிட்டார்.

"இன்னாய்யா, நீயுமா?"

"சாமி சமாச்சாரம்மே. நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றலாம், குடம் நிரப்ப முடியுமா? வருகிற ஜனமெல்லாம் என் நிலத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும். நான் மட்டும் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிணற்று மேடைக்குக் கீழே போய் நிற்பேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்தார். திருநெல்வேலிக்காரர். ஏட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். நாலாம் நாள் மெட்ராஸிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியாரை அழைத்து வந்தார். கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் சொல்கிறவராம். சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு குட்டிச் சுத்தி. கிணற்றுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் மேலேயே வரவில்லை. வந்தபோது தலையிலிருந்து கால்வரை வெள்ளை. முகமெல்லாம் சிரிப்பு.

"இது குருத்தோலை இல்லைங்க. இறகும் இல்லை. நிஜமான இலை. ஈச்ச மரம் மாதிரி ஒரு மரத்தோட இலை. அந்த மரமே இப்போ உலகத்துல கிடையாது. சேத்துல விழுந்து, மேல சேறு மூடி, கல்லாயிடுச்சு. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"ஆதாம் ஏவாளுக்கு முன்னாடியா?" என்று உபதேசியார் கேட்டார். குரலில் சூடு.

வாத்தியார் தயங்கிச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தாடியைத் தடவினார். "ஆண்டவர் படைச்சது மூணாம் நாளு செடி கொடி. ஆறாம் நாளுதான் மனுசன். இடையில உள்ள நாளு ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு அளந்து பாத்தவன் யாரு?"

வாத்தியார் ஏட்டை என்னிடம் நீட்டினார். "இந்த இலை இருந்தப்போ பாக்கறதுக்கு மனுஷனே கிடையாதும்மா. இதை முதல் முதலா பாத்த மனுஷக் கண்ணு உங்க வீட்டு ஆளுங்களோடதுதான்."

என் சின்னக் கொழுந்தனார் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பிறகு அவர் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி இருந்தது. முதலாவது, கீழே தண்ணீர் இருக்கிறதா என்பது. "இந்தக் களி தண்ணியை விடாது. இதைத் தாண்டிக் கீழே மணல் இருந்தா கண்டிப்பா இருக்கும். இருக்கான்னு மேல நின்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

இரண்டாவது கேள்வியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். "இந்த எல ஊர்த் தெருவுக்குக் கீழயும் கீதா சார்?"

"ஊர்த் தெரு என்ன, உங்க தெரு என்ன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்க அடியில இந்த வெள்ளைப் படிவந்தான்."

அங்கேயும் இதே மண்தான்! எனக்குள் ஏதோ ஒன்று குதித்தது. எந்த வாய்க்காலும் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. எங்களைப் பிரித்தது எல்லாம் மேலே ஒரு முழம்தான், அதுவும் நேற்று வந்தவர்கள் போட்டது. எண்பதுகளில் ரோட்டோரம் நிலம் அளக்கச் சங்கிலியோடு வந்தவர்களிடம்கூட இதை நான் வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன். "தம்பி, நீங்க இன்னா வேணா கட்டுங்க, அடியில ஒரு காடு கீது" என்பேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டுவிட்டுப் போனான்.

சரி, கதைக்கு வருகிறேன். வாத்தியார் சொன்னது உபதேசியாருக்குப் போதவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. "எந்தக் காலத்து ஓலையா இருந்தா இன்னா? தவசு காலத்துல நம்ம கண்ணுல காட்டிக்கீறாரு. ஒடைச்சிப் போட எனக்கு மனசு வராது" என்றார். நியாயமான வருத்தம்தான். சாமியார், "ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்குள்ள நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சைக்கிளை எடுத்தார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை தமிழில் வந்திருந்த புதுசு. அதுவரை லத்தீனில் முணுமுணுத்துப் போனதெல்லாம் அந்த வருஷம் காதில் விழுந்தது. கையில் தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடி, தெருவைச் சுற்றி வந்து கோயிலுக்குள் உட்கார்ந்தோம். கர்த்தர் கழுதைமேல் வருகிறார், ஜனங்கள் மரக்கிளையை வெட்டி வழியில் விரிக்கிறார்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாகக் கேட்ட கதை! அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் கெபிக்கு என்ன நிறம் பூசலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன்.

"ஒரு சந்தேகம். அன்னிக்கு அந்த ஜனங்க ஓலைய எதுக்கு வழியில போட்டாங்க?"

"மரியாதைக்கு" என்றார் உபதேசியார்.

"மரியாதைக்குப் போட்டு, அப்புறம்? கழுத சுத்திகினு போச்சா? மிதிச்சிகினுதானே போச்சு! மிதிக்கத்தானே விரிச்சாங்க! யாராவது நடுவழியில நின்னு, ஐயோ ஓலைய மிதிக்காதீங்க, இங்க ஒரு கெபி கட்டலாம்னு சொல்லிகினு இருந்தா, கர்த்தர் எருசலேமுக்குப் போய்ச் சேந்திருப்பாரா?"

நான் நிறுத்தவில்லை. "நம்ம வூட்டுக் குருத்தோலைய இன்னா பண்றோம்? ஒரு வருசம் சிலுவையில செருவி வெக்கறோம், அடுத்த வருசம் எரிச்சி நெத்தியில பூசிக்கறோம். தொடக் கூடாதுன்னா வெச்சிக்கீறோம்? அந்த ஓலைக்குக் கீழ தண்ணி கீது. தவிச்ச வாய்க்குத் தண்ணிக்கு வழி வுடாத ஓல, கர்த்தரோடதா எப்படி இருக்கும்?"

முதலில் சிரித்தது சாமியார். "ஏ உபதேசியாரே, இதுக்கு நான் படிச்ச படிப்புல பதில் இல்ல" என்றார். உபதேசியார் கையிலிருந்த குருத்தைச் சிலுவையாக மடித்தார். பிறகு, "அப்ப ஒடைக்க வேணாம். எடுப்போம். வூட்டுக்கு ஒரு ஏடு, சிலுவைக்குப் பக்கத்துல வெக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். கூலி கொடுத்தாலும் அப்படி வேலை நடந்திருக்காது. பத்தொன்பது வீடும் இறங்கியது. பெரிய ஓலையாக வேண்டும் என்று ஆளாளுக்குத் தோண்டினார்கள். எங்களுக்கும் ஒரு இறகு என்று ஊர்த் தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். வேண்டுமென்றால் நீங்களும் இறங்குங்கள் என்றோம். இறங்கினார்கள்! நாங்கள் வெட்டிய குழியில், எங்கள் ஏணியில். புனித வாரத்துக்குள் வெள்ளைப் படிவம் இரண்டு ஆள் ஆழம் குறைந்துவிட்டது.

ஆனால் ஈஸ்டர் வந்தது, தண்ணீர் வரவில்லை. களிக்குக் கீழே களி. இலைகூட இல்லாத மொட்டைக் களி. ஜனங்கள் அவரவர் ஏட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடியும் மூன்று பேர்தான். எனக்குப் பயம் பிடித்தது. வாயாடி ஒருத்தி தெருவே கும்பிட்டதைக் கலைத்துவிட்டாள், கடைசியில் ஓலையும் போச்சு, தண்ணீரும் இல்லை என்று பேசுவார்களே. மாதாவிடம் நேராகவே சொன்னேன்: நான் பேசினது தப்பென்றால் என் நாக்கைத் தண்டியுங்கள், அந்த மனுஷன் கையைத் தண்டிக்காதீர்கள். அவர் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

ஈஸ்டர் கழிந்து ஒன்பதாம் நாள் காலை, கூடையில் வந்தது களி இல்லை. பருமணல். கையில் அள்ளினேன், சில்லென்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே என் வீட்டுக்காரர் குனிந்து நின்றிருந்தார். அவர் பாதத்தைச் சுற்றி ஏதோ மினுங்கியது.

"தண்ணிமே" என்றார். நாலு வார்த்தைகூட இல்லை, ஒரே வார்த்தை.

நான் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மத்தியானத்துக்குள் முழங்கால் அளவு ஊறியது. கலங்கல் தெளிவதற்கு முன்பே உபதேசியார் ஒரு சொம்போடு வந்து குடித்தார். "இனிப்பாக் கீதும்மா" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அதோடு சரி.

ஏடுகளின் கதை வேறு. ஈரத்தில் இருந்தவை காற்றில் காய்ந்ததும் வெடித்தன. ஆடிக்குள் எங்கள் வீட்டு ஓலை பொடிப்பொடியாகச் சிலுவையடியில் உதிர்ந்து கிடந்தது. எல்லா வீட்டிலும் அதே கதை. எண்ண முடியாத காலம் இருந்ததை ஒரு கோடையில் தொலைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. மறுபடி வந்த வாத்தியாரிடம் குற்றவாளி மாதிரி சொன்னேன். "அடியில இன்னும் எவ்வளவோ இருக்கும்மா. அடுத்து வர்றவங்க பாப்பாங்க" என்றார். அவர் எடுத்துப் போனதை மட்டும் ஏதோ பசை பூசிக் காப்பாற்றிவிட்டாராம்.

அந்த ஆடி பொய்த்தது, ஆவணியும் பொய்த்தது. ஊர்க் கிணறு அடி தெரிந்து, சேறாகி, காய்ந்தது. எங்கள் கிணற்றில் மட்டும் இரண்டு ஆள் தண்ணீர். ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் இறைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலைத் தாண்டி கோடி வீட்டுக்காரி வந்தாள். வந்தவள் நாங்கள் புதிதாகக் கட்டியிருந்த மேடைக்குக் கீழேயே நின்றாள். குடத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான்.

இந்த நாளுக்காக நான் எத்தனை நாள் வேண்டியிருக்கிறேன் தெரியுமா? அவளை நிற்க வைக்க வேண்டும், வெயில் ஏறும்வரை யாரிடமாவது ஊர்க்கதை பேச வேண்டும், உயரத்திலிருந்து ஊற்றிப் பாதியை மண்ணில் விட வேண்டும். எல்லாம் மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் குடத்தைத் தூக்கிப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கே கை வலித்தது. அப்படிப் பிடித்தால் தோளில் எந்த இடம் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மேல வா" என்றேன்.

அவள் திரும்பி ஊர்த் தெருப் பக்கம் பார்த்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று. பார்க்கத்தான் பார்த்தார்கள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் குடத்தோடு நின்றார்கள். அவள் மேடையில் ஏறினாள். நான் கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். இறைத்தாள். ஆழம் பழக்கமில்லை, பாதியில் மூச்சு வாங்கியது. நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நாளிக்கும் வரட்டுமாக்கா?"

அக்கா! அன்றுவரை "இந்தாமே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மனசு இளகியதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் எரிந்து விழுந்தேன்.

"கயிறு இங்கயேதான் கெடக்கும். என்னைக் கேக்காதே."